டீக்கடையில் கேட்ட இன்ஜின்

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன்னே வரிசையில் நின்ற வருடங்கள் அவை. தைப்பொங்கலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கண்டி பேராதனை வீதியில் ஒரு கராஜில் வேலை பழகச் சேர்ந்தேன். அடுத்த பொங்கலும் போய்விட்டது. அதுவரை பழகியது மண்ணெண்ணெயில் சாமான் கழுவவும், டயர் கழற்றவும், ஒயில் மாற்றவும்தான். மண்ணெண்ணெய் வாசம் சோற்றிலும் வந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டைமிங் வைக்கத் தெரியவேண்டும். பிளக்கில் பொறி சரியான கணத்தில் விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நிறுத்துவது அது. அது தெரியாதவனை எந்தக் கராஜும் பாஸாக, அதாவது பெரிய மெக்கானிக்காக, எடுக்காது. கடைசிவரை கழுவத்தான் எடுக்கும். கிடைத்த கையேடுகளையெல்லாம் வாசித்திருந்தேன். அவை சொன்ன அடையாளக் கோடு எங்களிடம் வந்த பழைய வண்டிகளில் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது. காதால்தான் வைக்கவேண்டும்.

எங்கள் பாஸ் அதை யாருக்கும் காட்டமாட்டார். மற்றபடி கெட்டவர் இல்லை. பகல் சோறு அவர் வீட்டிலிருந்துதான் எனக்கும் வரும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கிப் பிடிக்கும் ஆணியைத் தளர்த்தியதும், தலை நிமிராமல் என்னை இரண்டு பிளேன்டீ வாங்க அனுப்பிவிடுவார். பக்கத்துக் கராஜில் பழகியவனையும் அந்த நேரத்தில் அப்படித்தான் அனுப்புவார்களாம்.

டீக்கடை வீதிக்கு எதிரே. சீனி கிடைக்காத காலம்; கருப்பட்டித் துண்டோடு தேநீர் வரும்வரை வாசலில் நிற்பேன். கராஜில் ஓடும் இன்ஜின் அங்கே நன்றாகக் கேட்கும். முதலில் சோம்பலாக முனகும். பிறகு வேகமெடுத்துப் படபடக்கும். பிறகு கொஞ்சம் தணிந்து நிற்கும். அந்த இடத்தில்தான் பாஸ் ஆணியை இறுக்குகிறார் என்பது விளங்க எனக்கு மாதக்கணக்கானது.

கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை, பாஸ் காய்ச்சலென்று வரவில்லை. தெல்தோட்டைக் கடைக்காரர் ஒருவரின் வேன், கொழும்பிலிருந்து சாமான் ஏற்றி வரும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிட்டதாகப் பக்கத்துக் கடைக்கு டெலிபோன் வந்தது. ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேன் டிரைவர் என்னைக் கராஜில் பார்த்திருக்கிறார். வீதியோரக் கல்லில் உட்கார்ந்திருந்தவர் எழும்பவில்லை.

"பாஸு வரலியா? டீ வாங்குற தம்பியத்தான் அனுப்புனாங்களா?" பையை எட்டிப் பார்த்தார். "சரி, டீயாச்சும் கொண்டாந்தியா?"

ஆணி தளர்ந்து டிஸ்ட்ரிபியூட்டர் தானாகத் திரும்பியிருந்தது. பல தடவை முன்னும் பின்னும் திருப்பிய பிறகே இன்ஜின் பிடித்தது. கடைவாசலில் கேட்ட சத்தம் வந்ததும் இறுக்கினேன். அடுத்த வளைவில் ஏறும்போது, தகரத்தில் கல் போட்டதுபோல் இன்ஜின் தட்டத் தொடங்கியது. டீக்கடைக்குக் கேட்டதெல்லாம் நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின். சுமையோடு ஏறும் வண்டியை நான் கேட்டதே இல்லை. நிறுத்தச் சொல்லி, இன்னும் கொஞ்சம் பின்னால் திருப்பினேன். மறுபடி ஏறினோம். தட்டவில்லை. கடுகண்ணாவைக் கடைத்தெருவில் டிரைவர் வேனை நிறுத்தி, அவரே இறங்கிப்போய் எனக்குத் தேநீர் வாங்கிவந்தார்.

திங்கட்கிழமை பாஸ் வந்தார். டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். புதன்கிழமை ஒரு காரின் ஆணியைத் தளர்த்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்பானரைத் தரப்போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தம்பி, ரெண்டு பிளேன்டீ. முன்னுக்கு ஈக்கிற கடையில வேணாம். மார்க்கட்டுப் பக்கம் போய் எடுங்க."

வெயிலில் நடந்தேன். மார்க்கட்டில் பஸ் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கார் போயிருந்தது, தேநீர் ஆறியிருந்தது. பாஸ் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, கார்க்காரருக்கென்று வாங்கியதை என் பக்கம் தள்ளினார். இருவரும் குடித்தோம். பிறகு நான் மண்ணெண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குந்தினேன்.