ஞாயிற்றுக்கிழமையில் கல்லூரி பார்க்கப் போனோம்: பாளையங்கோட்டையும் மணிமுத்தாறும்

கல்லூரி பார்க்க ஞாயிற்றுக்கிழமையில் கிளம்புகிற கூட்டம் எங்கள் கடற்கரையில் மட்டும்தான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது, பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்ப்பது என்று கரைவேலை அத்தனையும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகுதான். என் வீட்டுக்காரர் அந்தோணி, "ஞாயித்துக்கிழம போயிட்டு வந்துருவோம்" என்றார். வருஷக்கணக்காக பஸ்ஸில் ஊர் சுற்றி இந்த வலைப்பூவில் எழுதிக் கிழிக்கிற எனக்கும் அது உறைக்கவில்லை பாருங்கள்!

போன ஜூன் மாதம் நடந்தது இது. எங்கள் மகள் ஜெனிக்கு பி.எஸ்ஸி. கணிதத்தில் இரண்டு இடங்களில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று பாளையங்கோட்டையில் ஒரு பழைய பெண்கள் கல்லூரி. மற்றது மணிமுத்தாறு போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். பெயர் போட மாட்டேன், கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை மதியத்துக்குள் ஏதாவது ஓரிடத்தில் டி.சி.யைக் கொடுத்தாக வேண்டும்.

என் மனதில் பல்கலைக்கழகம்தான். புதுக் கம்ப்யூட்டர் லேப், இரண்டாம் வருஷமே கம்பெனியில் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து வீட்டு ரோஸி அங்கே ஒரு வருஷமாகப் படிக்கிறாள். ஜெனிக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சிநேகிதி அவள்தான். பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள், செல்போனுக்கு நேரம் காலம் உண்டு என்று கேள்விப்பட்டதும் "அது ஜெயிலுல்லா" என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஜெனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பாடம் வரும், கேட்க வாய்தான் வராது. பிளஸ் டூவில் தொகையீடு புரியாமல் மாதக்கணக்கில் ஒருவரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் குசினியில் நின்று அழுதபோதுதான் எங்களுக்கே தெரியும். கல்லூரியிலும் இப்படியே வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். ரோஸி பக்கத்தில் இருந்தால் பேசுவாள் என்பது என் கணக்கு.

பூசை முடிந்து ஏழு மணி பஸ்ஸில் ஏறினோம். ராதாபுரத்துக்கு அரை மணி நேரம். அங்கிருந்து வள்ளியூர் 12 கிலோமீட்டர். வள்ளியூரில் திருநெல்வேலி பஸ் நிமிஷத்துக்கு ஒன்று வரும், அவசரப்பட்டு நின்றுகொண்டு போகாதீர்கள். ஒன்பதரைக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமல்லா? காலேஜு பூட்டியில்லா கெடக்கும்!" என்றார்.

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்தார். ஜெனி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் யார்மேல் கோபப்படுவது? நானும்தானே சாளை மீன் பொரியலும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு கிளம்பி வந்தேன்.

வந்தது வந்தாயிற்று, கட்டடத்தையாவது பார்ப்போம் என்று கேட்டுக்குப் போனோம். காவலுக்கு இருந்த அக்கா, "ஆபீஸ் நாளைக்குத்தான். ஹாஸ்டல்ல மட்டும் புள்ளைங்கள பாக்க தாய் தகப்பன் வாராவ" என்றார்.

"எங்களுக்கு உள்ள புள்ள இல்லியே" என்றார் அந்தோணி.

"நாளைக்கு வரப்போற புள்ளதான நிக்கிது? போங்க அண்ணாச்சி."

ஹாஸ்டல் சாப்பாட்டுக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நீளமான கல்மேசை, அதன்மேல் வரிசையாகத் தூக்குவாளிகள், கேரியர்கள். பெற்றோர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் உள்ளே அப்போதே சோற்றை வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இருந்த கேரியரை ஒருத்தி, "மீன் இருக்கா அத்தை?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயேவிட்டாள்! அது எங்கள் மத்தியானச் சாப்பாடு என்று சொல்லக்கூட விடவில்லை.

செல்வி என்று மூன்றாம் வருஷத்துப் பெண், ஸ்ரீவைகுண்டத்துக்காரி, விளக்கம் சொன்னாள். "இங்கன ஞாயித்துக்கிழம சொந்த அம்மா செஞ்ச சோத்த யாரும் திங்கக்கூடாது. அடுத்தவ கேரியர்லதான் திங்கணும்."

"அது என்னத்துக்கு?"

"வீட்ல இருந்து ஆள் வராத புள்ளைங்களும் இருக்காவல்லா அத்தை. எல்லாரும் அடுத்தவ சோத்தத் தின்னா, யாருக்கு ஆள் வந்தாவ, யாருக்கு வரலன்னு ஒருத்திக்கும் தெரியாது."

ஜெயில் என்று சொன்ன என் வாயில் ஒரு போடு போடலாம் போல் இருந்தது.

ஜெனியை நடுவில் உட்கார்த்திவிட்டார்கள். யாரோ ஒரு அம்மாவின் சொதிச்சோறு அவள் தட்டில். செல்வி கேட்டாள், "கணக்குல உனக்கு எது வராது?" நானும் பெற்றுப் பதினேழு வருஷமாக வளர்க்கிறேன். என்ன மார்க் என்று கேட்டிருக்கிறேனே தவிர, எது வராது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜெனி பைய, "தொகையீடு" என்றாள். "எனக்கும் வராம இருந்துச்சு. இங்கன பாரு" என்று செல்வி சோற்றுக் கையோடு மேசையில் விரலால் ஒரு கணக்கு எழுதினாள். இன்னொருத்தி குறுக்கே விழுந்து அழித்தாள். மூன்று பேர் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே என் மகள் குரல் கேட்டது: "அக்கா, நீங்க எழுதுனது தப்பு."

வாசலில் நின்ற நான் அந்தோணியை முழங்கையால் இடித்தேன். அந்தோணி தும்முகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளம்பும்போது செல்வியிடம் உள்ளதைக் கேட்டேன். உள்ளதையே சொன்னாள். கம்ப்யூட்டர் லேப் பழசு. கேட் ஆறு மணிக்குப் பூட்டுவது நிஜம். கணக்கு டிப்பார்ட்மெண்டில் ரெண்டு மேடம் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்கள், ஆனால் புரியும்வரை விடமாட்டார்கள். எங்கள் கேரியர் திரும்பி வந்தபோது அதில் மீன் இல்லை. யார் வீட்டு அவியலோ, எலுமிச்சைச் சோறோ நிரம்பியிருந்தது.

அடுத்தது மணிமுத்தாறு. புதிய பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் பிடித்து, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சியில் இறங்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். வயலும் வாழையும், விட்டு விட்டு ஆறும் தெரியும். "அங்கன ஒரு குடம் தண்ணிக்கு நாம படுத பாடு என்ன, இங்கன பாரேன்" என்று அந்தோணி வழிநெடுகப் புலம்பிக்கொண்டு வந்தார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு சாலையில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

இடம் அழகென்றால் அப்படியொரு அழகு. பின்னால் மாஞ்சோலை மலை, முன்னால் கண்ணாடிக் கட்டடம். ரோஸி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கண்ணாடி வழியாக லேப்பைக் காட்டினாள், எனக்கே உள்ளே போய் உட்கார ஆசை வந்தது. வாத்தியார்மார் நல்லவர்கள், பாடம் குறை சொல்ல முடியாது என்றாள். ஆனால் வளாகத்தில் ஆளே இல்லை. பிள்ளைகள் செட்டு செட்டாக அணைக்குக் குளிக்கப் போய்விட்டார்களாம்.

"நீ போகலியாட்டி?"

"எனக்குத் தலவலி அத்தை."

கேரியரைத் திறந்து கொடுத்தேன். மளமளவென்று சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "காரம்" என்றாள். அவியலில் ஏது காரம்? ஒரு வருஷமாக போனில் "சூப்பர் அத்தை, சூப்பர் அத்தை" என்று இந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. "ஜெனி வந்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்றாள். ஜெனி அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் பேசினாள்.

ஐந்து மணிக்கு ஊருக்குத் திரும்பக் கிளம்பினோம். களக்காடு வழியாக வள்ளியூர் போக சேரன்மகாதேவியில் இறங்கி நின்றபோது, ஜெனி சொன்னாள்: "நான் பாளையங்கோட்டைலயே சேருதேன்மா."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "ஏட்டி, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா? அந்தப் புள்ள உன்னையே நம்பிக் கெடக்கா. லேப்பையும் பாத்தேல்லா?"

"பாத்தேன். லேப் அங்கனதான் நல்லாருக்கு. ஆனா அங்க போனா அவளுக்கு நான், எனக்கு அவள்னு ரெண்டுபேரும் ஒரு மூலைல இருந்துருவோம்மா. அவளுக்கும் வேற ஆள் கெடைக்காது, எனக்கும் வாய் தொறக்காது. அவகிட்டயும் இதத்தான் சொன்னேன். அழுதா. ஞாயித்துக்கிழம பாளையங்கோட்டைக்கு வான்னு சொல்லிருக்கேன்."

அந்தோணி, "ஞாயித்துக்கிழமன்னா நானும் வாரேன் மக்கா" என்றார். அவருக்குக் கடல் விடுகிற ஒரே நாள் அது. மறுநாள் டி.சி.யைப் பாளையங்கோட்டையிலேயே கொடுத்தோம்.

உங்கள் பிள்ளைக்கு இடம் பார்க்கப் போகிறீர்களா? அட்மிஷன் விவரத்துக்கு வேலை நாளில் போங்கள், எங்களைப் போல் முழிக்காதீர்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பாருங்கள். வாத்தியார் இல்லாதபோது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். லேப்பைப் பற்றி அங்கே படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். மணிமுத்தாறு அருவிக்குப் போக நினைத்தால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறும் போயிருந்தோம். ரோஸி காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டாள், அவளுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு. பசி போலிருக்கிறது, நேரே என் கேரியரைத் திறந்து சாளையில் கை வைத்தாள். மேசையில் இருந்த அத்தனை பேரும் ஒரே சத்தம். செல்வி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, நீ ஜெனி வீட்டுப் புள்ளதான? உனக்கு அந்தச் சோறு கெடயாது. இங்கன வா."

ரோஸி சிரித்துக்கொண்டே எழுந்து, யாரோ ஒரு அம்மாவின் கேரியர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.