யானை ஆட்டம் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

கொழும்பில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்று என் வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம், கடற்கரையைக் காட்டுங்கள், கோயில்களைக் காட்டுங்கள், விமானம் இறங்குவதைக் காட்டுங்கள் என்பேன். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை மட்டும் சொல்ல மாட்டேன். அதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் போனோம். நான்கு பேராகத் திரும்பி வரவேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

நான்காவது ஆள் என் அக்கா. அவளுக்குப் பதின்மூன்று வயது. முந்தின வருஷம்தான் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டில் விட்டிருந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் சம்சாரத்துக்குத் தெரிந்த வீடு. யாழ்ப்பாணத்து ஆட்கள், கணவன் மனைவி இருவருக்கும் உத்தியோகம். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தால் போதும், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அவர் சொன்னதை மறுத்துவிட்டு மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று அப்பா யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அக்கா போய்விட்டாள்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. கண் திறக்காமல் கிடந்தவளுக்கு வேப்பிலை வீசிக்கொண்டே அம்மா வேண்டிக்கொண்டாள்: தாயே, இவள் எழுந்து நடந்தால் அடுத்த திருவிழாவுக்கு இவள் தலையில் பாற்குடம் ஏற்றுகிறேன். அக்கா எழுந்து நடந்தாள். மாரியம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி நம் பங்குதான் என்று அந்த வருஷம் முழுக்க அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருவிழா நெருங்கியது. அக்காவைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியதற்கு, வீட்டுக்கு வர வேண்டாம், வெளி ஆட்கள் வந்தால் பொலிசில் பதிய வேண்டும், கரைச்சல் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சிச்சாலைக்கு வாருங்கள், பிள்ளைகளும் யானை ஆட்டம் பார்த்த மாதிரி இருக்கும் என்றார்களாம். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகும் இடம் அது என்பதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. யானை ஆடுமாமே என்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அம்மா மட்டும் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் ஒரு காப்புக் கயிறு கேட்டாள். பாற்குடம் எடுப்பவர்களுக்குக் கோயிலில் வைத்துத்தான் அந்த மஞ்சள் கயிற்றைக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது.

“காப்பு எல்லை தாண்டக் கூடாது தாயி,” என்றார் பூசாரி.

“தாண்டிப் போன புள்ளைய எல்லைக்குள்ள கொண்டாரத்தான் சாமி கேக்குறேன்.”

அவர் கயிற்றை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். காப்புக் கட்டிய பிள்ளையை யாரும் தடுக்கமாட்டார்கள் என்று அம்மா நினைத்தாள். அந்த வீட்டு அம்மாவும் திருநீறு பூசுகிறவர்தானே.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரன் அப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அம்மாவிடம் அதுவும் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். “சத்துவத்த, மகத்தயா,” என்று அப்பா என்னைக் காட்டினார். மிருகங்களைப் பார்க்கப் போகிறோம் என்றதும் அவன் சிரித்து, என் கன்னத்தைத் தட்டி விட்டுவிட்டான்.

வாசலில் அக்கா நின்றாள். இடுப்பில் ஒரு கொழுத்த பையன், தோளில் அவனுடைய பை. இடுப்பு வரை கிடந்த தலைமுடி காதோடு வெட்டப்பட்டிருந்தது.

“முடி எங்கடி?” என்றாள் அம்மா. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது.

“பேன் புடிச்சிருச்சும்மா. அன்ட்டி வெட்டிவிட்டாங்க. இப்ப லேசா இருக்கு.”

அந்த வீட்டு அம்மா நல்லவர்தான். எங்கள் எல்லோருக்கும் அவரே டிக்கெட் எடுத்தார், எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மிருகங்களைக் காட்டினாள். மிருகக்காட்சிச்சாலையே அவளுக்குச் சொந்தம் போல நடந்தாள். ஆனால் அவளுடைய கணக்கு வேறு.

“தம்பி சிங்கத்துக்கிட்ட ரெண்டு வாய் வாங்கும். கொரங்குக்கிட்ட நாலு வாய். நீர்யானை வாயத் தொறந்துச்சுன்னு வையி, மிச்ச சோறு பூரா எறங்கிரும்.”

சொன்ன மாதிரியே ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து அவனுக்கு ஊட்டினாள். அம்மா வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் அவள் நின்றபடியே விழுங்கினாள். அவளுக்கு முன்னால் எந்த மிருகமும் தேவைப்படவில்லை.

“பள்ளிக்கூடம் போறியா?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“தம்பி வளர்ந்ததும் போகலாமாம்ப்பா.”

யானை ஆட்டம் தொடங்க எல்லோரும் படியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை எடுத்து, சாமி பெயரைச் சொல்லி, அக்காவின் கையில் கட்டினாள். பிறகு எழுந்து நின்று அந்த வீட்டு அம்மாவைக் கும்பிட்டாள்.

“காப்புக் கட்டிட்டேங்கம்மா. ஆத்தாவுக்கு நேந்த புள்ள. இன்னைக்கே கூட்டிட்டுப் போறோங்க.”

“அம்மன் காரியத்துக்கு நான் மாட்டன் எண்டு சொல்லுவனே?” என்றார் அவர். “ஆனா நாளைக்கு நான் வேலைக்குப் போகோணும். பிள்ளையை ஆர் பாக்கிறது?” அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. “பெரியவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவள் திரும்பி வருமட்டும் சின்னவள் இஞ்ச நிக்கட்டும். கெட்டிக்காரியாக் கிடக்கு.”

“அது படிக்கிற புள்ளைங்கம்மா,” என்றார் அப்பா. வாழ்க்கையில் அவர் பெரிய இடத்தை மறுத்துப் பேசி நான் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் தரையைப் பார்த்தே சொன்னார்.

“இஞ்சயும் பள்ளிக்கூடம் இருக்குத்தானே.”

நான் துள்ளிக் குதித்தேன். “நான் இருக்கேம்மா! டெய்லி யானை பாக்கலாம்!”

அம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே யானைகள் வாத்தியத்துக்குக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தன, சனம் கைதட்டியது. அக்கா பையனை என் மடியில் இறக்கினாள். பல்லால் முடிச்சைக் கடித்துக் காப்பை அவிழ்த்தாள்.

“அடி பாவி, அவுக்காதடி! சாமி குத்தம்டி!” என்றாள் அம்மா.

“எனக்கு வர இஷ்டமில்லம்மா. அங்க வந்தா குளிரு, அட்டக்கடி. இங்க டீவி இருக்கு.” யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றை என் கையில் சுற்றிக் கட்டினாள். “நீ எடு பால்குடம். போற வழியில வழுக்கி விழுந்து ஊத்திப்புடாத, கோணக்காலி.”

“பாத்தீங்களே, பிள்ளைக்கே இஞ்ச விருப்பம்,” என்றார் அந்த வீட்டு அம்மா.

அக்கா பையனை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக் காரை நோக்கிப் போனாள். பின்னாலிருந்து பார்க்கும்போது, முடி வெட்டிய கழுத்தோடு, யாரோ ஒரு பையன் போவது போலிருந்தது. எனக்கு ஒரே கோபம். எங்களைவிட அவளுக்கு டீவியும் யானையும் பெரிதாகப் போய்விட்டதே என்று ரயிலில் நான் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா என் கையிலிருந்த காப்பு முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

கட்டிய காப்பை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று இன்று பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அக்கா அவிழ்த்ததை மாரியம்மன் குற்றமாக எடுத்திருக்கமாட்டாள். எடுத்திருந்தால் இத்தனை வருஷம் நான் ஏற்றிய விளக்குக்கு அர்த்தமில்லை. அக்கா வீடு வந்து சேர இன்னும் ஏழெட்டு வருஷம் ஆனது.

திருவிழாவன்று மஞ்சள் பாவாடை கட்டி, தலையில் பாற்குடத்தோடு லயத்து வழியாக நடந்தேன். தப்பு முழங்கியது, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அம்மா தலையை விரித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். ஆத்தா இறங்கிட்டா என்று சனம் கும்பிட்டது. பூசாரி திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்து, என்ன வேணும் சொல்லு தாயி என்று கேட்டார்.

“எம் புள்ளையக் குடு,” என்றாள் அம்மா. “எம் புள்ளையக் குடு.”

பெண்கள் அவசரமாக என்னைப் பிடித்து அவள் முன்னால் தள்ளினார்கள். “இந்தா தாயி, ஒம் புள்ள. பால்குடத்தோட நிக்குது பாரு.” அம்மா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள், குரல் கட்டிப்போகும்வரை கேட்டாள். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முன்னாலேயே நிற்கிறேனே, இன்னும் எந்தப் பிள்ளையைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சாமி கேட்பது நமக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு, பால் சிந்திவிடாமல் அசையாமல் நின்றேன்.