சாட்சிக்கு எதுக்கு சிட்டா?

திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊரில் மினி பேங்க் நடத்தும் அம்சம் ஒரு கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டாள் என்று பேச்சு. மருதையன் மகள் வானதியை எங்கேயோ பாபநாசம் பக்கம் வாக்கப்பட்டுப் போகவிடாமல் தடுத்து, தன் அக்கா மகன் அன்பரசனுக்குக் கட்டிவைக்கத்தான் அந்த வேலை பார்த்தாளாம். உரக்கடை வாசலில் கிளம்பிய இந்தச் செய்தி, பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் அன்பரசனுக்குத் தாலி எடுத்தாயிற்று என்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது. நடந்தது வேறு. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் யாரை வேண்டுமானாலும் வையுங்கள்.

உரக்கடையை ஒட்டி ஒரு ஷட்டர் அறை. உள்ளே ஒரு மேசை, கைரேகை மெஷின், ஜெராக்ஸ் மெஷின், எந்நேரமும் கரகரக்கும் ஃபேன். பேங்குக்கு ஏஜெண்டாக அங்கே உட்கார்ந்து நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் பணமும் எடுத்துக் கொடுப்பவள் அம்சம். அவள் அம்மா அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் பத்தாவதோடு நிறுத்திவிட்டு மகளிர் குழுத் தலைவியாகி, அங்கிருந்து இந்த நாற்காலிக்கு வந்தாள். தஞ்சாவூரில் நடந்த பயிற்சியில் புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாளாம். பாடம் நடத்தியவர் கடைசியில் அவள் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார்.

அங்கே கிடைத்த சொற்களை ஊருக்கு வந்து தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். ஃப்ளோட்டிங் வட்டி என்றால் என்ன என்று கேட்டால், "மேட்டூர்ல தெறக்கறதப் பொறுத்து நம்ம வாய்க்கால் ஏறும், எறங்கும்ல, அது மாதிரி. மதகு உன் கையில இல்ல" என்பாள். நாமினியா? "வாய்க்கால் வெட்டுற ஆளு. தண்ணிய வாங்கி உரியவங்க வயலுக்கு விடணும். தண்ணி அவனுக்குச் சொந்தம்னு நெனச்சிடாத." இதைக் கேட்டுவிட்டு மாமனார் கணக்குக்கு நாமினியாக இருந்த இரண்டு மருமகன்கள் அவளோடு பேசுவதையே நிறுத்தினார்கள். அவள் அதற்காக அழவில்லை.

மருதையன் விஷயத்துக்கு வருவோம். மூன்று ஏக்கர் சம்பா வயல்காரர். அந்த ஊரில் யார் நிலம் வாங்கினாலும் விற்றாலும் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் சும்மா இல்லை, வெற்றிலை பாக்கு வைத்து. அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு மைப்பேனா குத்தியிருப்பார். வேறு எதற்கும் அதைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

வானதிக்கு நிச்சயம் ஆன அன்று, சம்பந்தி அமிர்தலிங்கம் தட்டில் வெற்றிலை வைத்து நீட்டினார்.

"மாப்ளைக்கு அறுப்பு மெஷின் வாங்கறோம், சம்பந்தி. பேங்க்ல ஒங்க கையெழுத்து ஒண்ணு இருந்தா எங்களுக்குப் பெருமை."

பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. மருதையன் மீசையைத் தடவிக்கொண்டு சரி என்றார்.

மறுநாள் ஆதாரும் நிலத்துச் சிட்டாவும் ஜெராக்ஸ் எடுக்க அம்சத்திடம் வந்தார். கூட வானதி. அம்சம் தாளை மெஷினில் வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

"சிட்டா எதுக்கு மாமா?"

"சம்பந்தி கடனுக்கு சாட்சி போடறேன்."

"சாட்சிக்கு எதுக்கு சிட்டா? நெலம் எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டா சாட்சி கேப்பாங்க? இது ஜாமீன்."

"ரெண்டும் கையெழுத்துதானே புள்ள!"

"சாட்சின்னா, வாய்க்கால் வெட்டுனத நான் பாத்தேன்னு சொல்றது. ஜாமீன்னா, அவன் வயல் காஞ்சா என் வரப்ப வெட்டி எடுத்துக்கன்னு இப்பவே எழுதிக் குடுக்கறது. மொதல்ல அவன் வயலப் பாத்துட்டுதான் ஒங்க வரப்புக்கு வரணும்னுகூட பேங்குக்குக் கட்டாயம் இல்ல. எது பக்கமோ அதுல மம்பட்டிய வைக்கலாம்."

மருதையன் முகம் சுண்டியது. ஆனாலும் சிட்டாவை மெஷின் பக்கம் தள்ளினார்.

"பந்தல்ல சரின்னுட்டேன். இப்ப மாட்டேன்னா என் பேச்சுக்கு என்னா மரியாத? நீ எடு."

அம்சம் எடுத்துக் கொடுத்தாள், காசும் வாங்கிக்கொண்டாள். அர்த்தம் சொல்வதோடு தன் வேலை முடிந்தது, அதற்குமேல் இழுத்துப் பிடிக்கத் தான் யார் என்பது அவள் கணக்கு. வானதி மட்டும் போகும்போது கேட்டாள்: "அந்த மூணு ஏக்கரும் போயிடுமாக்கா?"

"அவங்க ஒழுங்கா கட்டுனா ஒண்ணும் ஆவாது. கட்டலேன்னா போவலாம்."

திங்கட்கிழமை பணம் கட்டுவதற்காகக் கிளைக்குப் போயிருந்த அம்சம் மிச்சத்தையும் பார்த்தாள். மேனேஜர் மேசை மேல் தாள் விரிந்திருந்தது. மருதையன் மைப்பேனாவைத் திறந்துவிட்டார். வானதி அப்பாவைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"எங்கப்பா இதுல போடலேன்னா என்னா ஆவும்?"

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தான். அமிர்தலிங்கம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பறம் கல்யாணத்தப் பத்தியும் யோசிக்க வேண்டியதுதாம்மா."

"யோசிங்க."

அப்பா விரலிலிருந்து பேனாவை உருவி, மூடிபோட்டு, அவர் பையிலேயே குத்திவிட்டு வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினாள் வானதி. மருதையன் தாளை மேனேஜர் பக்கமே தள்ளிவைத்தார். பிறகு எழுந்துபோய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். தட்டு மாற்றியதெல்லாம் அந்த வாரமே திரும்பி வந்தது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அம்சத்தோடு அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது வெற்றிலைத் தட்டோடு வந்தால், "சிட்டா வேணுமா, வேண்டாமா? அத மொதல்ல சொல்லு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

போன வாரம் முதியோர் பணம் எடுக்க வந்த தங்கம்மாள், மெஷினில் விரலை வைத்துக்கொண்டே நூல் விட்டாள்.

"ஏண்டி அம்சம், ஒங்க அக்கா மவனுக்காகத்தான் அந்தக் கல்யாணத்த நிறுத்துனியாமே?"

"நிறுத்துனது நான் இல்ல, அந்தப் பொண்ணு. அவ தைரியத்துல என் பேர எழுதாதீங்க. அன்பரசனுக்கா நான் பொண்ணு பாக்கறேன்? முந்தாநாள் அவனே வண்டிக் கடனுக்கு எங்கிட்ட ஜாமீன் கேட்டு வந்தான், வெரட்டி விட்டேன். வெரல நல்லா அழுத்துங்க."