மாய எஸ்டேட்டுக்குப் போகும் வழி

நான் குடியிருக்கும் ஜெர்மனியின் ஆகன் நகரத்தில், பஸ்சில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அடுத்த நாட்டில் போய்த்தான் விழிக்க வேண்டியிருக்கும். ஜெர்மனி எங்கே முடிந்தது, நெதர்லாந்து எங்கே தொடங்கியது என்று யாரும் சொல்வதில்லை. சாலையோரப் பலகைகளின் எழுத்து மாறும், அவ்வளவுதான். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய விந்தையாக இருந்தது. எங்கள் போடிநாயக்கனூரிலிருந்து மலையேறினால் கேரள எல்லையில், போடிமெட்டில் சோதனைச் சாவடி வரும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒரே தேசத்தின் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அவ்வளவு கெடுபிடி. இங்கே இரண்டு தேசங்களுக்கு நடுவே ஒரு பூந்தொட்டிகூட இல்லை. இதை ஊருக்கு போன் பேசும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லைகளே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டவள் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பைப் பேச்சியின் வீடியோ கெடுத்தது.

பேச்சி என்னோடு போடியில் கல்லூரியில் படித்தவள். ஆண்டுவிழா வந்தால் மேடையில் நாங்கள் இருவரும் போடும் நகைச்சுவை நாடகத்துக்காகக் கூட்டம் காத்திருக்கும். நான் எழுதுவேன், அவள் நடிப்பாள். எதிரில் நின்று அதட்டுகிற வேடம் மட்டும் எனக்கு. அவள் ஒரு வசனத்தை ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னால்கூட நான் விடமாட்டேன். "ஆத்தா, நீ வாத்தியார் வேலைக்குப் போகலாம்டி" என்று சலித்துக்கொண்டே மறுபடி சொல்லிக் காட்டுவாள். பிறகு எனக்குக் கல்யாணமாகி, கணவரின் வேலை காரணமாக இங்கே வந்துவிட்டேன். எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. பேச்சி போடிக்குப் பக்கத்திலேயே சிலமலைக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் புருஷன் ஜீப் ஓட்டுகிறார். காய் எடுக்கிற பருவத்தில் அவளும் அதே ஜீப்பில் மலைக்கு வேலைக்குப் போவாள். அங்கே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் குடியிருக்கும் ரோஸ்லின் என்ற பெண்ணோடு பழக்கமாகி, இருவரும் சேர்ந்து போனில் சிரிப்பு வீடியோக்கள் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவற்றில் ரோஸ்லின் போனைப் பிடிக்க, பேச்சி மட்டும்தான் நடித்தாள். அவற்றைப் பார்த்து, பரவாயில்லை என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அப்புறம் 'மாய எஸ்டேட்' வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் வேறு உலகத்துக்குள் போய்விடலாம், அங்கேயே வேலை செய்யலாம், வீடு வாங்கலாம் என்று உலகமெல்லாம் பேசுகிறதே, அதைக் கேலி செய்து எடுத்த வீடியோ. எங்கள் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு அன்று முழுக்கச் சிரித்தது. "ரோஸ்லின் அட்டைக்கடி வாங்குற எடம் இருக்கே, வயிறு வலிக்குது" என்றாள் ஒருத்தி. "பேச்சிக்கு இவதான் சரியான சோடி" என்றாள் இன்னொருத்தி. நான் சமையலறையில் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வீடியோவைத் தொட்டேன். சாம்பல் நிறத் திரை. 'இந்த வீடியோ உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு வரி.

உங்கள் நாட்டில். அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். எது என் நாடு என்று எந்த அலுவலகத்தில் கேட்டாலும் இன்றுவரை என் நாக்கு இந்தியா என்றுதான் சொல்கிறது. ஒரு திரை எனக்காக முடிவு செய்துவிட்டது.

பேச்சியிடம் கேட்டிருந்தால் அடுத்த நிமிடம் அனுப்பியிருப்பாள். ஆனால் கேட்பதென்றால், எல்லோரும் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட, ரோஸ்லினைப் பார்க்க நான் துடிக்கிறேன் என்பது தெரிந்துவிடும். அதனால் மற்றவர்களோடு சேர்ந்து நானும் "செம்மடி பேச்சி" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டேன். பேச்சி பதில் எழுதவில்லை. மற்ற எல்லோருக்கும் எழுதினாள். அது வேறு உள்ளே அரித்தது. நாட்டை மாற்றிக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கினேன். விளம்பரமாகக் கொட்டியதே தவிர, வீடியோ ஓடவில்லை. அந்த வாரம் முழுக்க, நான் பார்த்தேயிராத ரோஸ்லினோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கென்று இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டு அவள் கைதட்டு வாங்குகிறாள். நான் இங்கே பிள்ளைகளுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை, வீட்டில் காரணம் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் இறங்கினேன். வேறு நாட்டுக்குப் போனால் வீடியோ திறந்துவிடும் என்பது என் கணக்கு. நிறுத்தத்திலேயே நின்று தொட்டுப் பார்த்தேன். அதே சாம்பல் திரை. போனில் இருந்தது ஜெர்மன் சிம். நான் எங்கே போனாலும் அதன் இணையம் ஜெர்மனி வழியாகத்தான் வருமாம். கால் இரண்டும் நெதர்லாந்தில், போன் மட்டும் ஜெர்மனியில். பக்கத்தில் இருந்த காபிக் கடைக்குள் நுழைந்து, கல்லாவில் நின்ற நரைத்த முடி அம்மாளிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் வைஃபை கேட்டேன். சும்மா கேட்பதாக நினைத்துவிடப் போகிறாரே என்று, "என் நாட்டில் இதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். பார்ப்பதற்காகத்தான் எல்லை தாண்டி வந்தேன்" என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. என் கையைப் பிடித்து மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இங்கே உங்களுக்கு ஒரு பயமும் இல்லை. எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஜெர்மனி" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடவுச்சொல் எழுதிய சீட்டை வைத்துவிட்டுப் போனார். காபியோடு நான் கேட்காத கேக் துண்டு ஒன்றும் வந்தது.

வீடியோ ஓடியது. எஸ்டேட் முதலாளி கண்காட்சிக்குப் போய்வந்து, இனி யாரும் மலையேற வேண்டாம், கண்ணாடிக்குள்ளேயே காய் எடுக்கலாம் என்று அறிவிக்கிறார். கண்ணாடி என்பது இரண்டு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் வெறும் முற்றத்தில் குனிந்து காற்றில் காய் பறிக்கிறார்கள். ரோஸ்லின் திடீரென்று காலை உதறி, "சேச்சி, இங்கயும் அட்ட கடிக்குது" என்று அலறுகிறாள். மெலிந்த பெண், ஓட்டைகள் வழியே தெரியும் பெரிய கண்கள். பெட்டிக்குள் முகம் மறைந்திருந்தும் கைகால்களாலேயே சிரிக்க வைத்தாள். நன்றாகத்தான் செய்தாள். என்னைவிட நன்றாக. பின்னணியில் ஓடிய பழைய சினிமாப் பாட்டின் உரிமைச் சிக்கல்தான் தடைக்குக் காரணம் என்பதும் அப்போது புரிந்தது. முடிவில் வேலை வாங்கும் கங்காணி வேடத்தில் பேச்சி பெயர் வாசிக்கிறாள். ஒவ்வொருத்தியும் பெட்டிக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறாள். "தனம்!" என்று கூப்பிடுகிறாள் பேச்சி. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறாள். "அவங்களுக்கு நெட்டு போயிருச்சு சேச்சி" என்கிறாள் ரோஸ்லின். வீடியோ முடிகிறது.

தனம் என் பெயர். காபி ஆறும்வரை அந்தக் கடைசிக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். கூப்பிட்டாளா, கேலி செய்தாளா? இதற்கா "செம்மடி" என்று எழுதினேன்? அங்கேயே உட்கார்ந்து பேச்சிக்கு போன் போட்டேன்.

"இப்பத்தான் பாத்தேன் பேச்சி. இங்க ஓடல" என்றேன்.

"நீ பாக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"பாத்திருந்தா குத்தம் சொல்லியிருப்பேல்ல. நீ என்னைக்குடி செம்மன்னு சொல்லியிருக்க?"

"முதலாளி பேசுறது இழுவையா இருக்கு. பாதிய வெட்டியிருக்கணும்" என்றேன். "இத நாங்களும் பேசிக்கிட்டோம். இன்னும் சொல்லு" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அடுத்ததை நான் எழுதித் தரட்டுமா என்று என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ரோஸ்லின் எழுதிட்டாடி. ஆனா ஜீப்புக்கு வழி சொல்ற பொம்பளக் குரல் ஒண்ணு வேணும். நீ பேசுறியா?" என்றாள்.

"ஏன், அவளே பேசலாம்ல?"

"அவ சிரிச்சிருவா. நீதான் சிரிக்காமப் பேசுவ."

ரோஸ்லின் எழுதிய வசனங்களை என் வீட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசி அனுப்பினேன். "என்னடி, வானில அறிக்க வாசிக்கிற? நம்ம ஊர்க்காரி கணக்காப் பேசு" என்று பேச்சி திருப்பி அனுப்பினாள். இங்கே கணவரைத் தவிர யாரோடும் தமிழ் பேசாததில் என் பேச்சு நான் அறியாமலேயே சலவை செய்து மடித்து வைத்ததுபோல் ஆகிவிட்டிருக்கிறது. மறுபடி பேசினேன். மூன்றாவது தடவை, எழுதியதை விட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி, "வெரசாப் போகாதீக அண்ணே. முந்தல் தாண்டுனதும் அந்தப் பெரிய ஆலமரத்துக்கிட்ட நிறுத்துங்க. நெழல்ல நின்னு ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று சேர்த்தேன். மலையேறும் முன், அடிவாரத்து முந்தலில் எங்கள் ஊர் ஜீப்புகள் நிற்கும் இடம் அதுதான். "இது போதும். பாட்டுப் போடல தனம், ஒன் ஊர்லயும் ஓடணும்ல" என்றாள் பேச்சி.

அந்த வீடியோ வந்த அன்று வேலைக்குப் போகும் பஸ்சில் இருந்தேன். உடனே திறந்தது. பெட்டிகளை மாட்டிக்கொண்ட பெண்களோடு ஜீப் மலையடிவாரத்தில் போகிறது. என் குரல் வழி சொல்கிறது. ஆலமரத்துக்கிட்ட நிறுத்தச் சொல்கிறது. ஜீப் நிற்கிறது. பேச்சி பெட்டியைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்க்கிறாள். அகலப்படுத்திய சாலை, இரும்புத் தடுப்பு, வெயில். அங்கே மரம் இல்லை. வெட்டிவிட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை; சொல்லும் அளவுக்கு அது யாருக்கும் செய்தியாகத் தோன்றியிருக்காது.

"எந்த மரத்தச் சொல்றா இவ?" என்கிறாள் பேச்சி.

என் குரல் அசராமல், நிழலில் நின்று தண்ணீர் குடிக்கச் சொல்கிறது. அப்போது ரோஸ்லின் மட்டும் ஜீப்பிலிருந்து இறங்கினாள். வெயிலில் நாலடி நடந்து, ஓரிடம் பார்த்து நின்றாள். பெட்டிக்குள் முந்தானையை விட்டு முகத்தைத் துடைத்தாள். தலைக்கு மேலே இல்லாத கிளைகளை நிமிர்ந்து பார்த்து, "நல்ல நெழலு சேச்சி" என்றாள்.

பஸ்சில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. என் மரத்தடியில் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள்.