பரியாரியாருக்கு ஒரு நன்றியுரை

புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்த அருளம்பலத்துக்கு 1983இல் பவுத்திரம் வந்தது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ் வடியும் புண். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, நாட்டு வைத்தியம் பார்த்த பஞ்சலிங்கப் பரியாரியிடம் போனார். அதுதான் அவர் செய்த மடைத்தனம். பரியாரி ஒரே இழுப்பில் புண்ணோடு சேர்த்து, மலத்தை அடக்கி வைக்கும் தசையையும் வெட்டிவிட்டார். புண் ஆறியது. அடக்கம் போய்விட்டது.

திரும்பிப் போய்க் கேட்டபோது பரியாரி முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

“பத்தியம் முறிச்சிருப்பாய். என்ரை கையிலை பிழை வராது. உதை வெளியிலை கதைச்சால் உனக்குத்தான் வெக்கம்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே அவரைப் பழிவாங்கவேண்டும் என்று அருளம்பலம் மனதுக்குள் கறுவிக்கொண்டார். மருதனார்மடச் சந்தை, கோயில், கலியாணவீடு, செத்தவீடு என்று போய்வருவதெல்லாம் நின்றுபோயிற்று. கேட்டவர்களுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிர்த்தேலாது என்றார். ஊர் எழும்பமுன் கிணற்றடியில் அவருடைய சாறங்களை அலசிப்போட்ட மனைவி குணலட்சுமிக்கு மட்டுந்தான் உண்மை தெரியும். அருளம்பலம் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும்போதெல்லாம் பரியாரியின் குடுமியைப் பிடித்து இழுப்பதாகவே நினைத்துக்கொள்வார். அதில் என்ன பிழை?

மூன்று வருசம் பொறுத்த குணலட்சுமி, ஒருநாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சத்திரசிகிச்சை டொக்டர் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

“அறுந்த தசையின்ரை ரெண்டு நுனியையும் தேடிப் பிடிச்சு, ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சுத் தைக்கலாம். தையல் ஆறுமட்டும் வயித்திலை ஒரு வழி விட்டு, மலத்தைப் பையிலை எடுப்பம். பேந்து மூடலாம். தையல் பிடிக்காட்டி பை சாகுமட்டும் இருக்கும். தொடைத் தசையை எடுத்துச் சுத்திக் கட்டுற முறையும் இருக்கு, ஆனால் அதுக்கு இஞ்சை வசதியில்லை.”

“ஒரு கூட்டத்திலை கொஞ்சநேரம் இருந்து கதைக்கேலுமோ, ஐயா?” என்று கேட்டார் அருளம்பலம்.

“தையல் பிடிச்சால் இருக்கலாம்.”

“அப்ப வெட்டுங்கோ.”

தையல் பிடித்தது. மாதக்கணக்கில் இடுப்பில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தார். பிறகு வயிற்று வழியையும் மூடினார்கள். வயிற்றோட்டம் வந்தால் இன்னும் ஓடத்தான் வேண்டும். மற்றப்படி நாலு பேரோடு நடமாடத் தொடங்கினார்.

அவர் சந்தையில் நிமிர்ந்து நடப்பதைக் கண்டதும் பரியாரி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்: “பாருங்கோ, என்ரை கை பட்ட ஆள்!” வெட்கங்கெட்ட மனிசன். அந்த வருச முடிவில் வாசிகசாலை ஆண்டுவிழாவில் பரியாரிக்குப் பொன்னாடை போர்ப்பதாக ஏற்பாடாயிற்று.

விழாவுக்குப் புறப்பட்டவரைக் குணலட்சுமி வழிமறித்துக் கெஞ்சினாள். “பெட்டைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். அந்தக் கதை வெளியிலை வந்தால் ஆரப்பா எங்கடை வீட்டிலை கை நனைப்பினம்?”

அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பொன்னாடை விழுந்ததும் பரியாரிக்குத் தலைகால் தெரியவில்லை. வெட்கத்துக்குப் பயந்த அருளம்பலம் எந்தக் காலத்திலும் வாய் திறக்கமாட்டார் என்ற துணிவு வேறு.

“எழும்பு அருளம்பலம்! நான் வெட்டின புண் எப்பிடி ஆறினதெண்டு சபைக்குச் சொல்லு!”

அருளம்பலம் எழும்பினார். இந்த நிமிசத்தை நினைத்து நினைத்துத்தான் அவர் இவ்வளவு நாளும் சோறு தின்றார்.

“ஓம், புண் ஆறினது. ஆனால் உவர் வெட்டின நாளிலையிருந்து மூண்டு வருசம் நான் சாறத்திலை பேண்டுகொண்டு திரிஞ்சன். பெரியாஸ்பத்திரியிலை வெட்டித் தைச்சுத்தான் என்னைத் திருத்தினவை.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மகளின் சம்பந்தம் அந்தச் சிரிப்போடு போனாலும் போகும்; அவருக்கு அது தெரியும். ஆனாலும் அவர் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. சிரித்தவர்களை விட்டுவிட்டுச் சிரிக்காதவர்களைத் தேடினார். பலசரக்குக்கடைத் தேவராசா கதவோரமாக, குனிந்த தலை நிமிராமல் இருந்தார். அவரும் பரியாரியின் கத்திக்குக் கிடந்தவர்; அன்றுதொட்டு அவருக்கும் நாரிப்பிடிப்பு. மேடையில் பரியாரியின் கண்ணும் அங்கேதான் போயிற்று.

“தேவராசா அண்ணை,” என்றார் அருளம்பலம், “நீங்களும் எழும்புங்கோ.”

தேவராசா எழும்பினார்.