ஆமென் சொல்லும்வரை டெய்சி அசையாது

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது, வாசலில் யாரோ செருமுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஜெபராஜ் சார். ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உதவி என்று ஒருத்தர் வாசலிலும் போய் நிற்காத மனுஷர்.

"டெய்சி நொண்டுதும்மா" என்றார்.

டெய்சி அவர் வீட்டு நாய். கன்னி என்கிற நாட்டு ஜாதி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து குட்டியாக வந்தது. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு... நகம் வரைக்கும்! அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்குச் செல்லப் பிள்ளை. போன மழைக்காலத்தில் அக்கா காலமானார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாரும் டெய்சியும் மட்டும்தான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நகமெல்லாம் கொக்கி மாதிரி வளைந்து கிடக்கிறது. முன்னங்காலில் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் இருக்குமே? அது தரையில் படாது, அதனால் தேயவும் தேயாது. அது அப்படியே வட்டமாகச் சுழித்துச் சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் உள்ளே குத்தி இறங்கிவிடும்.

"என்ன சார், நகமே வெட்டலியா?"

"வெட்டணுமா? எங்க டெய்சிக்கு நகம் வளராதேம்மா! இத்தன வருஷத்துல நான் பார்த்ததே இல்லியே."

சிரிப்பதா, அழுவதா? வளராத நகம் இந்த ஊரில் எந்த நாய்க்குச் சார் இருக்கிறது?

அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் ஆட்டோவில் கொண்டுபோனார். டாக்டர் காலைத் தொட்டதும் தெருவே கூடுகிற மாதிரி ஒரு அலறல். டாக்டர் நல்ல மனுஷர். "வயசாயிட்டு, ஹார்ட்டும் கொஞ்சம் வீக். நகத்துக்காக மயக்க ஊசி போட எனக்கு மனசில்ல சார். வீட்ல, பழகின ஆள் மெதுவா வெட்டிப் பாருங்க. அந்த வளைஞ்ச நகத்தை மட்டும் ரொம்ப நாள் விட்றாதீங்க" என்றாராம்.

பழகின ஆள் என்றால்? நான்தான்! எங்கள் வீட்டு நாய் பப்புவுக்கு நகம் வெட்டி வெட்டித் தெருவில் எனக்கு அப்படி ஒரு பெயர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாயின் நகத்துக்குள்ளே ரத்தம் ஓடுகிற சதை உண்டு. வெள்ளை நகமென்றால் ரோஸ் கலரில் வெளியே தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. நாய்க்கென்று விற்கிற கட்டரால் நுனியை மட்டும், துளித் துளியாகச் சீவணும். வெட்டின இடத்தின் நடுவில் கரும்புள்ளி மாதிரி தெரிந்தால்... ஸ்டாப்! அதற்கு மேல் போனால் ரத்தம்தான். அப்படி ஆகிவிட்டால் பதறாமல் சோளமாவை வைத்து அழுத்திப் பிடிக்கணும். நீண்டு போன நகத்தை ஒரே நாளில் சரி பண்ணவும் நினைக்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வெட்ட உள்சதையும் பின்வாங்கும்.

இவ்வளவும் தெரிந்து என்ன பிரயோஜனம்? டெய்சி காலைக் கொடுத்தால்தானே!

பிஸ்கட் கொடுத்தேன், தின்றது. தலையைத் தடவினேன், வாலை ஆட்டியது. கட்டரை எடுத்தேனோ இல்லையோ, கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிவிட்டது. மறுநாளும் அதே கதை. இழுத்துப் பிடித்து வெட்டலாமா என்றால், ஒருமுறை பயந்த நாய் பிறகு ஜென்மத்துக்கும் காலைத் தராது.

சார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவ போவும்போது என்னை நம்பி விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதாம்மா. இதையும் பார்த்துக்கத் தெரியலியே எனக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து அவர் மகள் ஷீபா வீடியோ காலில் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நகமா? அம்மாதான் வெட்டுவாங்க, சனிக்கிழமை சனிக்கிழமை. அப்பா ஜெபம் பண்ணும்போது!"

"எந்த ஜெபம்?" என்றார் சார்.

"சாயங்கால ஜெபம்ப்பா. நீங்க கண்ண மூடினா உலகத்தைச் சுத்திட்டுத்தானே வருவீங்க? நீங்க ஆமென் சொன்னாத்தான் ரஸ்க் கிடைக்கும்னு டெய்சிக்குத் தெரியும். அதுவரைக்கும் ஆடாம அசையாம படுத்திருக்கும். அம்மா அந்த நேரத்துல வெட்டி முடிச்சிருவாங்க. உங்ககிட்ட சொன்னா 'ஜெப நேரத்துல என்ன வேலை'ன்னு ஏசுவீங்கல்லா?"

சார் குனிந்து கட்டிலுக்கடியில் கிடந்த டெய்சியைப் பார்த்தார்.

அவர் வீட்டு ஜெபம் எங்கள் தெருவுக்கே தெரியும். துறைமுகத்தில் ஆரம்பித்து, கடலுக்குப் போனவர்கள், உப்பளத்தில் நிற்பவர்கள், மந்திரிமார், ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் திரும்புவார். அக்கா போனபிறகு அந்தச் சத்தம் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "குடும்பமே இல்ல, குடும்ப ஜெபம் யாருக்கும்மா?" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். சார் ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் ரஸ்க் டப்பா. கண்ணை மூடி, "கிருபையுள்ள எங்கள் பரலோக பிதாவே..." என்றார்.

நம்பமாட்டீர்கள். கட்டிலுக்கடியிலிருந்து டெய்சி நொண்டி நொண்டி வந்தது. பாயோரமாகப் படுத்தது. முன்னங்காலைத் தானாகவே நீட்டியது... எஸ்தர் அக்கா உட்காருகிற பக்கமாக!

நான் அங்கே போய் உட்கார்ந்து, முதலில் அந்தச் சுழித்த நகத்தின் நுனியைச் சீவினேன். அசையவில்லை. இன்னும் ஒரு துளி. சதையை விட்டு நகம் விலகியது. அப்பாடா! சார் அதற்குள் உப்பளத்தைத் தாண்டிவிட்டார். ரொம்ப நாள் டச் விட்டுப் போனதோ என்னவோ, ஆப்பிரிக்காவுக்குப் போகாமலே, "இயேசுவின் நாமத்தினாலே..." என்று முடிக்கப் பார்த்தார். டெய்சியின் காது விறைத்தது.

"சார்! பின்னங்கால் பாக்கி இருக்கு!" என்றேன் கிசுகிசுப்பாக.

"மேலும் ஆண்டவரே..." என்று தொடர்ந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! மந்திரிமார் முடிந்து, ஆப்பிரிக்கா முடிந்து, பிறகு அவர் குரல் மெதுவாக இறங்கியது.

"எஸ்தருக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே. இத்தன வருஷமா அவளும் என் பக்கத்துல கண்ண மூடிட்டுத்தான் இருக்கான்னு நினைச்சேன். நான் பார்க்கலியே. ஒரு நாள்கூட கண்ணத் திறந்து பார்க்கலியே..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. நான் கடைசி நகத்தை முடித்துவிட்டேன். டெய்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. ரஸ்க் டப்பா மூடியே இருக்கிறது. எவ்வளவு நேரம்தான் அந்த ஜீவன் காத்திருக்கும்?

நெற்றியில் குங்குமத்தோடு நான்தான் சொன்னேன். "ஆமென்."

நம் வீடுகளிலும் இப்படி எத்தனை நகம் சத்தமில்லாமல் வெட்டப்படுகிறதோ? பாட்டிலில் தண்ணீர் தானாக நிறைகிறது, தலையணை உறை தானாக மாறுகிறது என்றுதானே நாமும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இந்தச் சனிக்கிழமை மறுபடி கட்டரோடு போனேன். சார் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "நான் வெட்டுதேம்மா, நீ பக்கத்துல இரு."

ஜெபமும் அவர்தான், நகமும் அவர்தான். கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார், எஸ்தர் அக்காவைப் போலவே.