எழுத்து கோணலான சட்டை

வீரபாண்டியில் எனக்கு டி-ஷர்ட்டில் பிரிண்ட் அடித்துத் தந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, நகக்கண்ணில் எப்போதும் நீல மை. எழுத்து கோணலாக விழுந்த பீஸ்களை மட்டுமே போட்டுக்கொள்வார்.

ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் நான், ஒரு சத்துபானக் கம்பெனியோடு சேர்ந்து, ஞாயிறுதோறும் ஓடும் குழு ஒன்றுக்குச் சட்டை கொடுக்க ஏற்பாடு செய்தேன். நெஞ்சு முழுக்கத் தன் பெயர் வேண்டும் என்றது கம்பெனி.

"ஏனுங்க, இவ்வளவு பெருசா அடிச்சா வேர்வை எப்படீங்க வெளிய போகும்? ஓடறவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்றார் பிரிண்ட் அடிப்பவர்.

"கம்பெனி கேக்குதுங்க."

"அப்பக் கம்பெனியவே ஓடச் சொல்லுங்க" என்று சிரித்தார். ஆனால் சுத்தமாக அடித்துக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். மறுவாரம் ஒருவர்கூடப் போடவில்லை. நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறதாம்.

அதைச் சொல்லப் போனபோது, அவர் அதே சட்டையில் வேலை செய்துகொண்டிருந்தார். எழுத்து கோணல். கழுத்தெல்லாம் வேர்வை.

"புழுங்கலீங்களா?" என்றேன்.

"புழுங்குதுங்க. நான் தப்பா அடிச்சது, நாந்தானுங்க போட்டுக்கோணும்?"

அந்தச் சட்டையில் நான் எனக்கென்று எடுத்துவைத்த பீஸ் இன்னும் கவரைவிட்டு வெளியே வரவில்லை.